இலுப்பை மரத்துச் சங்கமும் இருபத்து மூன்று ஓட்டும்

ஏரிக்கரையில் நின்ற பெரிய இலுப்பை மரத்தில் முப்பத்து நாலு குடும்பங்கள் குடியிருந்தன. உச்சியில் கொக்குகள். நடுக்கிளைகளில் கிளி, மைனா, மரங்கொத்தி, ஆந்தை, ஓர் அணில். அடிமரப் பொந்தில் வயதான ஓர் உடும்பு. இதில் பாதிப்பேர் மீதிப்பேரைத் தின்னக்கூடியவர்கள். அப்படியும் அந்த மரத்தில் பதினோரு வருஷமாக ஒரு முட்டை காணாமல் போனதில்லை. காரணம், அங்கே ஒரு சங்கம் இருந்தது.

இலுப்பை மரக் குடியிருப்போர் சங்கத்தின் முதல் விதி இதுதான்: மரத்தில் குடியிருப்பவரை மரத்தில் குடியிருப்பவர் தின்னக் கூடாது. இதற்குப் பின்னால் இன்னும் முப்பது விதிகள் இருந்தன. அவை என்னவென்று செயலாளர் மைனாவைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்படவும் இல்லை. தலையைத் தின்னாமல் விட்டால் சரி என்று அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

சடைச்சி என்ற அணிலும் அப்படித்தான். அவள் அடிபட்டு வளர்ந்தவள். இரண்டு மரங்களிலிருந்து துரத்தப்பட்டு, மூன்றாவது மரத்தில் கட்டிய கூடு ஒரே மழையில் கரைந்துபோய், கடைசியில் இந்த இலுப்பைக்கு வந்து சேர்ந்தாள். அவளுடைய பொந்தைக் குடைந்தவன் கொண்டையன் என்ற மரங்கொத்தி. பொந்துக்கு மாற்றாக அவன் ஐந்து எறும்புப் புற்று காட்டச் சொன்னான். சடைச்சி ஒன்றில் ஆரம்பித்தாள். பொந்து வடகிழக்கைப் பார்க்கிறது, ஐப்பசி மழை நேரே உள்ளே அடிக்கும், இதை வேறு எவள் வாங்குவாள் என்று வெயில் உச்சிக்கு வரும்வரை விடாமல் பேசினாள். ஒன்றரைப் புற்றில் பேரம் முடிந்தது. கொண்டையனுக்குத் தலை சுற்றியதில் மறுநாள் வரைக்கும் ஒரு மரத்தையும் கொத்தவில்லை.

மழை உள்ளே வராமலிருக்கச் சடைச்சி ஒரு வழி செய்தாள். தேங்காய் நாரைத் திரித்து வாசலில் படுதா மாதிரி தொங்கவிட்டாள். உள்ளே பஞ்சு, அதற்குமேல் நாலு குட்டிகள். பிறந்து ஒன்பது நாள். இன்னும் கண் திறக்கவில்லை.

இந்த நார்தான் வம்பாகிவிட்டது.

செயலாளர் மைனாவின் பெயர் பொன்மூக்கர். காலையில் மரத்தை ஒரு சுற்று நடந்து பார்க்காமல் அவருக்குத் தண்ணீர் இறங்காது. "சடைச்சியம்மா, வாசல்ல எதுவும் தொங்கக் கூடாது. விதி பதினெட்டு" என்று ஒருநாள் வந்து சொன்னார். சடைச்சி சிரித்தாள். இரண்டாம் முறை வந்தபோது கொட்டாங்கச்சித் துண்டை அவர் காலடியில் விட்டெறிந்தாள். மூன்றாம் முறை, "உம்ம பொண்டாட்டி கூட்டில் பாம்புச் சட்டை தொங்குதே, அதை முதல்ல போய் எடும்" என்றாள். அது பொய். கோபத்தில் கைக்கு வந்ததை எறிகிறவள், வாய்க்கு வந்ததையும் எறிவாள்.

நாலாம் முறை அவர் சும்மா வரவில்லை.

"உன்னைக் காலி பண்ணச் சொல்லித் தீர்மானம் ஆயிடுச்சும்மா. அமாவாசைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. அதுக்குள்ளே போயிடணும்."

சடைச்சிக்கு வால் விறைத்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் மேகம் கறுத்து நின்றது. மழைக்காலத்தில் எந்த மரத்திலும் பொந்து காலி இருக்காது. கிடைத்தாலும், அந்த மரத்தில் சங்கம் இருக்காது. இங்கே உடும்பு தலையைத் திருப்பிக்கொள்ளும். அங்கே எந்த உடும்பு திருப்பிக்கொள்ளும்? கண் திறக்காத நாலு குட்டிகள், ஓடவும் தெரியாது.

அவள் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்தாள்.

"பாதி நாரை அறுத்துடறேன். தீர்மானத்தை வாபஸ் வாங்குங்க."

"பேரம் பேச இது புளியங்கொட்டை இல்லைம்மா."

"முக்கால்வாசி அறுக்கறேன்."

"அம்மா..."

"ரெண்டே இழை. அதுக்குக் கீழே நான் இறங்கமாட்டேன், சொல்லிட்டேன்."

"நீ எங்கே இறங்கினாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது. நான் வெறும் செயலாளர். முடிவு பண்ணினது கூட்டம். இருபத்து மூணு ஓட்டு. எதிர்த்து ஒருத்தரும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பொன்மூக்கர் பறந்துபோனார்.

இருபத்து மூன்று பேர்! தினம் பார்க்கிற முகங்கள். சடைச்சி துள்ளி எழுந்தாள். முதலில் பக்கத்துப் பொந்துக் கிளியைப் போய்ப் பிடித்தாள். அவள் பெயர் பவளம்.

"ஏண்டி, மூணு வருஷம் பக்கத்துல இருந்துட்டு என்னைத் துரத்த ஓட்டுப் போட்டியா?"

"நானா? அக்கா, நான் எங்கே கூட்டத்துக்குப் போனேன்? அன்னைக்குச் சோளக்கொல்லையில காவலுக்கு ஆள் இல்லை. போகாம இருப்பேனா?"

"இறகாவது குடுத்தனுப்பினியா?"

"இல்லவே இல்லை. மத்தவங்கதான் போட்டிருப்பாங்க."

இறகு என்று சடைச்சி கேட்டதற்குக் காரணம் உண்டு. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் தங்கள் சம்மதத்துக்கு அடையாளமாக ஒன்றைக் கொடுத்தனுப்புவது அந்த மரத்து வழக்கம். இறகு உள்ளவர்கள் ஓர் இறகு. ரோமம் உள்ளவர்கள் ஒரு கொத்து ரோமம். உடும்பு மாதிரி இரண்டும் இல்லாதவர்கள் உரிந்த தோலில் ஒரு துண்டு. அடையாளம் வந்தால் ஆள் வந்த மாதிரி.

அடுத்து மரங்கொத்தியிடம் போனாள்.

"கூட்டமா? எப்போ?" என்றான் கொண்டையன். "தங்கச்சி, என் வேலை காலையிலிருந்து டொக்கு டொக்குன்னு தலையை மோதறது. அதுக்கப்புறம் கூட்டத்துல வேற போய் மோதிக்கணுமா?"

கொக்குகளிடம் போனாள். அன்று ஏரியில் மீன் துள்ளியதாம். ஆந்தையை எழுப்பினாள். "பகல்ல கூட்டம் வச்சா நான் எப்படி வருவேன்?" என்று ஒரு கண்ணை மட்டும் திறந்து கேட்டுவிட்டு மூடிக்கொண்டது. இப்படி ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினாள். உச்சி வேளைக்குள் பத்தொன்பது குடும்பங்களைக் கேட்டாயிற்று. பத்தொன்பதும் போகவில்லை. இறகும் அனுப்பவில்லை. எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: மத்தவங்க போட்டிருப்பாங்க.

சடைச்சி ஒரு கிளை நுனியில் உட்கார்ந்து யோசித்தாள். இவர்கள் பத்தொன்பது. தான் ஒருத்தி. ஆக இருபது குடும்பம் ஓட்டுப் போடவில்லை. மொத்தம் முப்பத்து நாலு. மீதி பதினாலு வீடு. பதினாலு வீட்டிலிருந்து இருபத்து மூன்று ஓட்டு எப்படி வரும்?

பேரத்தில் பிழைத்தவள் அவள். மூட்டையின் வாயை மட்டும் பார்த்துக் கடலை வாங்கி, அடியில் மண்ணை அள்ளிய அனுபவம் அவளுக்கு உண்டு. மூட்டையைக் கொட்டிப் பார்க்கவேண்டிய நேரம் இது என்று தெரிந்துவிட்டது.

ஆனால் கூட்டம் என்று கூப்பிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள். அதனால் சடைச்சி மரம் இரண்டாகப் பிரியும் பெரிய கவைக்குப் போய், வாலைத் தூக்கி, பாம்பைக் கண்டால் போடும் சத்தத்தைப் போட்டாள். மரமே அதிர்ந்தது. எல்லாப் பொந்திலிருந்தும் தலைகள் நீண்டன. கொக்குகள் இறங்கின. ஆந்தைகூட இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு வந்தது. ஊரில் இல்லாத மூன்று குடும்பங்கள் தவிர முப்பத்தொரு குடும்பமும் கவையைச் சுற்றிக் கூடிவிட்டன.

"பாம்பு எங்கே?"

"பாம்பு இல்லை. கூட்டம்" என்றாள் சடைச்சி.

"அடிப்பாவி" என்றான் கொண்டையன். சிலர் திரும்பிப் போகப் பார்த்தார்கள்.

"ஒருத்தர் நகரக் கூடாது. என்னைத் துரத்தச் சொல்லி இருபத்து மூணு பேர் ஓட்டுப் போட்டிருக்கீங்களாம். அந்த ஓட்டை எனக்குக் காட்டணும். காட்டின பிறகு எங்கே வேணும்னாலும் போங்க."

சங்கத் தலைவர் உடும்பு. பெயர் கரடுமுரடார். கவைக்குக் கீழே வெயிலில் படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "விதி ஆறு. ஓட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டா காட்டணும். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. செயலாளரே, எடுத்துட்டு வாரும்."

பொன்மூக்கர் ஓரடி பின்வாங்கினார். "அதெல்லாம் ஈரமா இருக்கும். நாளைக்கு..."

"காத்துல உலர்த்திக்கலாம். எடுத்துட்டு வாரும்" என்றாள் சடைச்சி.

வேறு வழியில்லை. அவர் தேக்கிலையில் சுருட்டிய ஒரு பொட்டலத்தை இழுத்துக்கொண்டு வந்தார். கவையில் வைத்துப் பிரித்தார். இறகும் தோலுமாகக் குவிந்தது. சடைச்சி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள்.

"இந்தப் பச்சை இறகு யாரோடது?"

பவளம் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "என் வால் இறகு மாதிரி இருக்கே. ஆவணியில உதிர்ந்துச்சே, அது. நான் யாருக்கும் குடுக்கலையே."

"இந்த வெள்ளை?"

"எங்களுது" என்றது ஒரு கொக்கு. "இதுவும் எங்களுது. இதுவும். ஒரே ஆளுக்கு மூணா?"

"இந்தத் தோல்?"

கரடுமுரடார் இப்போதுதான் கண்ணைத் திறந்தார். நாக்கை நீட்டி மோந்து பார்த்தார். "ரெண்டு துண்டும் என்னோடதுதான். ஆனா நான் அன்னைக்குக் கூட்டத்துல நேர்லயே இருந்தேனே. நானும் செயலாளரும்தான் இருந்தோம். அப்போ எனக்கு மட்டும் மூணு ஓட்டா?"

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க, தலைவரே" என்றார் பொன்மூக்கர் மெதுவாக.

சடைச்சி குவியலில் கடைசியாகக் கிடந்ததை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கொத்து ரோமம். அடி வெளுப்பு, நடு கறுப்பு, நுனி பழுப்பு. அந்த மரத்தில் அணில் ஒன்றுதான்.

அவள் தன் வாலைத் திருப்பிப் பார்த்தாள். ரோமத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு எல்லாரும் கேட்கும்படி சொன்னாள்:

"என்னைத் துரத்தணும்னு நானே ஓட்டுப் போட்டிருக்கேன்."

கொண்டையன்தான் முதலில் சிரித்தான். சிரிப்பில் பிடி தவறிக் கீழ்க்கிளையில் போய் விழுந்தான். அப்புறம் மரம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது.

"ஏய்யா, உதிர்ந்ததைப் பொறுக்கித்தான் இத்தனை வருஷம் ஓட்டு எண்ணினீரா?" என்றாள் பவளம்.

பொன்மூக்கர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அவர் பயந்தவர் இல்லை.

"ஆமா. பொறுக்கினேன். முதல் வருஷம் பொறுக்கலை. அப்புறம் அடிமரத்துல கரையான் ஏறிச்சு. அதைச் சுரண்டணும்னா பாதிக் குடும்பமாவது சம்மதிக்கணும். மூணு தடவை கூட்டம் போட்டேன். வந்தது மூணு பேர். கரையான் காத்திருக்குமா? கீழே உதிர்ந்து கிடந்த இறகைப் பொறுக்கிக் கணக்குல சேர்த்தேன். கரையானைச் சுரண்டினோம். மரம் நின்னுச்சு. யாராவது வந்து, எந்த இறகுன்னு கேட்டீங்களா? தண்ணிப் பள்ளத்தைத் தூர் எடுத்தது, உச்சிக்கிளைத் தேன்கூட்டைக் கலைச்சது, எல்லாம் இப்படித்தான். அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு. இந்த அம்மா என் பொண்டாட்டியைச் சொன்னதும் எனக்குக் கோபம் வந்துச்சு. குனிஞ்சு பொறுக்கினேன். இவளோட ரோமம்னு பார்க்கக்கூட இல்லை."

இதைக் கேட்டுச் சிலர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சிலருக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

"இப்படி ஒரு சங்கமே நமக்கு வேண்டாம். கலைச்சுடுங்க!" என்று ஒரு கொக்கு கத்தியது. "ஆமா, கலைச்சுடுங்க" என்று நாலைந்து குரல்கள் சேர்ந்தன.

கரடுமுரடார் மெல்லத் தலையைத் தூக்கினார். "கலைச்சுடலாமா?" என்று கேட்டார். நாக்கு ஒருமுறை வெளியே வந்து போனது. "முதல் விதியும் போயிடும். எனக்கு ஆட்சேபணை இல்லை."

ஆந்தை தன் நகத்தை அலகால் நீவிவிட்டுக்கொண்டு, "எனக்கும் இல்லை" என்றது.

கொக்குகள் கூட்டமாக ஒரு கிளை மேலே நகர்ந்தன. கத்திய கொக்கு, "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றது.

"அப்போ சங்கம் இருக்கு" என்றார் தலைவர். "இவள் விஷயத்தை நேர்லயே எண்ணிடுவோம். போகச் சொல்றவங்க இடது கிளை. இருக்கச் சொல்றவங்க வலது கிளை."

சடைச்சிக்கு அப்போதுதான் பயம் வந்தது. பொய் ஓட்டைப் பிடித்துவிட்டாள், சரி. நிஜ ஓட்டு எப்படி விழும்? மூன்று வருஷத்தில் அவள் சண்டை போடாத வாசல் இந்த மரத்தில் இல்லை. பவளம் முன்னால் வந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கணும். உங்க நார் பிய்ஞ்சு பிய்ஞ்சு என் வாசல்ல விழுது. போன வாரம் என் பிள்ளை கால்ல சுத்திக்கிச்சு. சொன்னா நீங்க திட்டுவீங்கன்னு சொல்லலை."

சடைச்சி பதிலுக்குச் சீறத்தான் வாயைத் திறந்தாள். குட்டிகளின் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள். பிறகு திறந்தபோது வேறு குரல் வந்தது.

"நீ சொன்னது சரி. நான் ஒரு விலை சொல்றேன். பேரம் இல்லை, ஒரே விலை. அமாவாசைக்குள்ளே நாரை இறுக்கமா முடைஞ்சுடறேன். ஒரு இழை உன் வாசல்ல விழாது. விழுந்தா நானே வந்து எடுக்கறேன். தை பிறந்ததும் படுதாவை மொத்தமா உள்ளே இழுத்துக்கறேன். அதுவரைக்கும் மழை என் பிள்ளைங்க மேல விழாம இருக்கணும். அவ்வளவுதான். செயலாளரே, உங்க வீட்டம்மாவைச் சொன்னது பொய். வீம்புக்குச் சொன்னேன்."

எல்லாரும் நகர ஆரம்பித்தார்கள். முதல் ஆறு பேர் இடது கிளைக்குப் போனார்கள். சடைச்சி கவையை நகத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கொண்டையன் வலது கிளைக்குப் போனான். "இவள் போயிட்டா இந்தப் பொந்தை இன்னொருத்திக்கு விக்கணும். இன்னொரு தடவை என்னால பேசி முடியாது" என்றான். சிரிப்போடு நாலைந்து பேர் அவன் பின்னால் போனார்கள். பவளம் போனாள். ஆந்தை தூக்கக் கலக்கத்தில் இடதா வலதா என்று தடுமாறி, வலதில் உட்கார்ந்தது. பொன்மூக்கர் நிமிர்ந்து நடந்து இடது கிளையில் போய் நின்றார்.

"விதி பதினெட்டு விதிதான். மாத்தற வரைக்கும் நான் இந்தப் பக்கம்தான்."

தலைவர் எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். "இடது பதிமூணு. வலது, இவளையும் என்னையும் சேர்த்து, பதினெட்டு. இருக்கலாம்."

சடைச்சி நகப்பிடியை விட்டாள். அப்படியே கவையில் வயிற்றை வைத்துப் படுத்துவிட்டாள். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற நினைப்புகூட இல்லை.

ஆனால் வேலை முடியவில்லை. "செயலாளரை மாத்தணும்" என்றது அந்தக் கொக்கு.

"மாத்தலாம். யார் வர்றீங்க?" என்றார் தலைவர்.

கொக்கு தன் காலைப் பார்த்தது. பவளம் இலையைப் பார்த்தாள். கொண்டையன் மரத்தில் இல்லாத புழுவைத் தேடினான். படுத்திருந்த சடைச்சிதான் தலையைத் தூக்கினாள்.

"அவரே இருக்கட்டும். எனக்கு எதிரா நேர்ல நின்னு ஓட்டுப் போட்டார் பாருங்க, அந்த ஆளை நம்பலாம். ஆனா ஒண்ணு. இனிமே இறகும் வேண்டாம், ரோமமும் வேண்டாம். ஆள் வந்தாத்தான் ஓட்டு. கூட்டம் சாயங்காலம் வைக்கணும், ஆந்தையும் வரும், மத்தவங்களும் வரலாம். பதினோரு வருஷம் ஒருத்தரே சுமந்தது போதும். மாசத்துக்கு ஒரு வீடு அவர்கூட மரத்தைச் சுத்தணும்."

"முதல் மாசம் யாரு?" என்றாள் பவளம்.

"நீதான்" என்றாள் சடைச்சி. "ரெண்டாவது மாசம் நான்."

பொன்மூக்கர் தேக்கிலையோடு அந்த இறகுக் குவியலைக் கிளை ஓரத்துக்குத் தள்ளினார். காற்று அதை ஏரிப் பக்கம் அள்ளிக்கொண்டு போனது. அவர் சிறகை ஒரு தரம் உதறிக்கொண்டார். பல நாள் முதுகில் இருந்த மூட்டையை இறக்கியவர் மாதிரி இருந்தது.

அன்று மாலையே மழை பிடித்தது. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து நேரே வந்து மோதியது. சடைச்சி நாலு குட்டிகளையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஒரு சொட்டு உள்ளே வராத பொந்தில் கண்ணை மூடினாள். மூன்று மரங்களில் வராத தூக்கம் அவளுக்கு அன்று வந்தது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு இருபத்தெட்டு குடும்பங்கள் வந்தன. தண்ணிப் பள்ளத்தில் யார் முதலில் குளிப்பது என்று இருட்டும் வரை சண்டை. தொண்டை கட்டிப்போனவர்களில் சடைச்சி முதல் ஆள். ஒன்றும் முடிவாகவில்லை. இருந்தாலும் எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள், ஏனென்றால் போட்ட சண்டை அவரவர் போட்டது.

பொதுக்காரியத்துக்கு நேரில் போய் உட்காரச் சோம்பல்படுகிறவருடைய சம்மதத்தை, யார் வேண்டுமானாலும் தரையிலிருந்து பொறுக்கி எடுத்து, அவருக்கு எதிராகவே எண்ணிவிடுவார்கள்.